மொய்யில் வந்த வண்டி

இந்தப் பை உங்களுதா தம்பி? மேல வச்சிரட்டுமா? சரி, நீங்களே மடியில வச்சுக்கிட்டீங்களா. என் சாக்கு காலடியிலயே கெடக்கட்டும். தேங்காதான், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பதினஞ்சு காய். மக வீட்டுக்குக் கொண்டு போறேன், கரூருக்கு. கரூர்ல தேங்கா கிடைக்காதான்னு கேப்பீங்க. கிடைக்கும். ஆனா அது எங்க தோப்புக் காய் இல்லைல்ல.

கண்டக்டர், கரூர் ஒண்ணு.

நாலாவது பஸ்ஸு தம்பி இன்னைக்கு. பேராவூரணியில ஏறினேன். பட்டுக்கோட்டையில மாறி, தஞ்சாவூர்ல மாறி, திருச்சியில இப்ப உங்க பக்கத்துல. இத்தனைக்கும் எங்கிட்ட கார் இருக்கு. சிரிக்காதீங்க. நிஜமாத்தான். புத்தம் புதுசு. ஆவணியில எடுத்தது, இப்பதான் ஐப்பசி பொறந்திருக்கு. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையக்கூட இன்னும் பிரிக்கல. அந்தக் காரைக் கூட்டியாரத்தான் இந்தப் பஸ்ஸுல போறேன். வண்டி பன்னெண்டு நாளா கரூர்ல நிக்குது. கூடவே எம் பொஞ்சாதியும் நிக்கிறா.

வெள்ளிக்கிழமை எங்க பங்காளி ராசமாணிக்கம் வீட்டுல மக கல்யாணம். பொண்ணழைப்புக்கு என் வண்டியத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இன்னைக்குச் செவ்வாய். நாளைக்கு ராத்திரிக்குள்ள வண்டி ஊர் சேரணும். அதான் ஓடுறேன். வேற ஒண்ணுமில்ல.

எம் பேரு அடைக்கலம். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு இல்ல. தேங்கா ஏவாரம். காயைக் காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும், உள்ள எவ்வளவு தண்ணி, எத்தனை நாள் காய், எல்லாம் சொல்லிருவேன். காது அப்படி. எங்க வீட்டுல உள்ளது மட்டும் பொய் சொல்லுவா, எங்காதுக்கு ஊரெல்லாம் கேக்கும், அவ பேசுறது மட்டும் கேக்காதுன்னு.

அவ பேரு செவந்தி. அம்பத்தெட்டு வயசு. நல்லா வேலை செய்வா, ஆனா முழங்கால் போயிருச்சு. தரையில நடக்கும், படி ஏறாது. அதுவும் இந்தப் பஸ்ஸுப் படி இருக்கே, மனுசனுக்கு வச்சதா ஒட்டகத்துக்கு வச்சதா தெரியல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஒரு கால் படியில, ஒரு கால் தரையில, மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. கண்டக்டர், "பாட்டி, ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா இறங்கு, பின்னாடி வண்டி நிக்குது"ன்னான். அப்ப அவளுக்கு அம்பத்திரண்டு தம்பி. பாட்டின்னுட்டான். இறங்கிட்டா. அன்னையோட பஸ்ஸை விட்டா.

அந்த வருஷந்தான் எங்க மக தேன்மொழிக்குக் கல்யாணமாகி கரூருக்குப் போனது. ஒரே மக. தனிக்குடித்தனம் வைக்கத் தாய்க்காரி போகணும் பாருங்க, பாத்திரம் பண்டமெல்லாம் அடுக்கி, பால் காய்ச்சி, அடுப்பு மூட்டிக் குடுத்துட்டு வரணும். செவந்தியால முடியல. நான்தான் சாமானை லாரியில போட்டுக்கிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் வாசல்லயே கேட்டா:

"அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?"

"கவனிக்கலையே புள்ள."

"ஜன்னல் அடுப்புக்கு நேரா இருக்கா, பக்கத்துல இருக்கா?"

"ஜன்னல் இருந்துச்சு."

ரெண்டு நாள் எங்கூடப் பேசல. எதுக்குக் கோவம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. ஜன்னல் இருந்துச்சுன்னு சொன்னேன்ல?

மக வருவா, பேரனைத் தூக்கிக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை. வந்தா இவ சந்தோசமாத்தான் இருப்பா. ஆனா மக பஸ் ஏறினதும் இவ சொல்லுவா, "எம் மக எந்த அடுப்புல சோறாக்குறான்னு எனக்குத் தெரியாது." இதே வார்த்தை. ஆறு வருஷமா.

வாடகை வண்டி வச்சுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஒருதடவை வச்சோம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் முன்னால உட்கார்ந்துக்கிட்டு, "சீக்கிரம் சொல்லுங்கய்யா, வெளிய வண்டி நிக்குது, நிக்கிறதுக்கும் காசு"ங்கிறா. டாக்டரே சிரிச்சுட்டாரு. வீட்டுக்கு வந்து சொன்னா, "மக வீட்டுக்கு அப்படிப் போகக் கூடாது. போனா, எப்பக் கிளம்பணும்னு மனசுக்குள்ள ஓடக் கூடாது. சொந்த வண்டின்னா போறேன், இல்லன்னா வேணாம்."

அப்பத்தான் நான் முடிவு பண்ணினேன். ஆமா, நான்தான். கார் எடுக்கிறதுன்னு.

எடுக்கிறதுன்னா எந்தக் கார்? எனக்கு ஒரே எண்ணந்தான். செவப்பா இருக்கணும், உசரமா இருக்கணும். ரோட்டுல போனா, அடைக்கலம் போறான்னு நாலு பேர் சொல்லணும். பட்டுக்கோட்டையில ஒரு ஷோரூம். போன் போட்டாப் போதுமாம், ஓட்டிப் பார்க்கிறதுக்கு வண்டிய வீட்டுக்கே கொண்டாருவாங்களாம். ரெஜினான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. நான் ஆசைப்பட்ட மாதிரியே உசரமான செவப்பு வண்டிய வாசல்ல நிறுத்துச்சு. தெருவே கூடிருச்சு.

"அம்மா, இதுல ஆறு ஏர்பேக் இருக்கு. பின்னாடி கேமரா இருக்கு. குரல் குடுத்தாப் பாட்டுப் பாடும்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. இவ சேலையைச் சொருகிக்கிட்டு ஏறப் பார்த்தா. கால் எட்டல. "தூக்குங்கடி"ன்னு சிரிச்சா. எதிர்வீட்டுக்காரிங்க ரெண்டு பேர் தூக்கி வச்சாங்க. இறங்குறப்ப மூணு பேர் வேண்டியிருந்துச்சு.

"இது வேணாம் ரெஜினா. இதுக்கு ஆளையும் சேர்த்து வாங்கணும்."

அடுத்த வாரம் சின்ன வண்டி. அது பள்ளம். உட்கார்ந்துட்டா, எந்திரிக்க முடியல. "கெணத்துல எறங்கின மாதிரி இருக்கு." அதுவும் போச்சு. மூணாவது வாரம் ஒண்ணு வந்துச்சு. ரொம்ப உசரமும் இல்ல, பள்ளமும் இல்ல. கதவைத் தொறந்ததும் செவந்தி முதுகைக் காட்டிக்கிட்டுப் பின்னாலயே போனா, அப்படியே இடுப்பைச் சாய்ச்சா, உட்கார்ந்துட்டா. எந்திரிச்சா. மறுபடி உட்கார்ந்தா. எந்திரிச்சா. பதினஞ்சு தடவை இருக்கும். ரெஜினா வாயைத் தொறந்து ஏர்பேக்னு ஆரம்பிச்சுச்சு. இவ கையைக் காட்டி நிறுத்திட்டா. "எங்க வீட்டுக் கட்டில் உசரம். இதுதான்."

கலர் என்ன தெரியுமா? யானைக் கலர். நான் செவப்பு கேட்டேன். இந்த உசரத்துல செவப்பு வர்றதுக்கு நாலு மாசம் ஆகும்னாங்க. நாலு மாசம் எதுக்குன்னு செவந்தி சொன்னா. யோசிச்சுப் பார்த்தேன். யானைக் கலர்ல அழுக்குத் தெரியாது. அதனால நான் யானைக் கலரையே தேர்ந்தெடுத்தேன். வண்டி விஷயத்துல எம் முடிவுதான் தம்பி. வீட்டுல அதுல தலையிட விட மாட்டேன்.

பெட்டவாய்த்தலையா இது? இன்னும் தூரம் கிடக்கு.

அடுத்தது பணம். ரெஜினா ஒரு தாளை எடுத்து, "ஐயா, கொஞ்சம் முன்பணம் கட்டுங்க, மிச்சத்துக்கு லோன். மாசம் பன்னெண்டாயிரத்துச் சொச்சம், ஏழு வருஷம்"னுச்சு.

"ஏழு வருஷமா? ஏழரைச் சனிக்கு ஆறு மாசந்தாம்மா கம்மி"ன்னேன்.

கடன்னா எனக்கு ஆகாது. எங்க அப்பாருக்கும் ஆகாது. கடன் வாங்கி வண்டி ஓட்டினா, நம்ம வண்டியில பேங்குக்காரன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எனக்கு வேற வழி இருந்துச்சு. மொய்.

எங்க பக்கத்து மொய் விருந்து கேள்விப்பட்டிருப்பீங்க. கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்ல. ஆடி ஆவணியில பத்து இருபது குடும்பம் சேர்ந்து பந்தல் போடுவோம், கிடா வெட்டிச் சோறு போடுவோம். வந்தவங்க சாப்பிட்டுட்டு, அவங்கவங்க யாருக்கு எழுதணுமோ மொய் எழுதிட்டுப் போவாங்க. இன்னைக்கு எனக்கு எழுதினவரு நாளைக்கு விருந்து வச்சா, நான் போய்த் திருப்பி எழுதணும், மேல கொஞ்சம் போட்டு. ஒரு குடும்பத்துக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கத்தான் முறை வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. திருப்பலைன்னா ஜெயிலும் கிடையாது. ஊருக்குள்ள நடக்க முடியாது, அவ்வளவுதான். வாழ்க்கையில ஒரு பைசா கடன் வாங்காம வீடு கட்டினேன், போர் போட்டேன், மகளைக் கட்டிக் குடுத்தேன். எல்லாம் மொய்தான்.

செவந்தி கேட்டா, "பேங்குல ஒருத்தனுக்குப் பதில் சொல்றதுக்கு முந்நூறு பேருக்குப் பதில் சொல்லப் போறீங்களா?" பொம்பளைங்களுக்கு இந்த வரவு செலவு எங்க தெரியும்? சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

பதினெட்டுக் குடும்பம் சேர்ந்து விருந்து. ஆளுக்கொரு பிளெக்ஸ் வைக்கிறது வழக்கம். எல்லாரும் அவங்க போட்டோவும் பேரும் போடுவாங்க. நான் கொஞ்சம் முன்யோசனைக்காரன். ரெஜினாகிட்ட வண்டிப் படம் வாங்கி, பிளெக்ஸ்ல பாதிக்கு அதைப் போடச் சொல்லிட்டேன். ஓரமா என் தலை, ரூவா அளவுக்கு. கீழ, "எங்கள் இல்லத்திற்குப் புதுக் கார் வாங்க அனைவரும் வருக." நாப்பது வருஷத்துல எங்க பக்கத்துல யாரும் இப்படிப் போட்டதில்ல. சனம் நின்னு நின்னு பார்த்துட்டுப் போச்சு.

போட்டது நல்லதாப் போச்சு. இல்லன்னா அவ்வளவு மொய் விழுந்திருக்குமா? ஒவ்வொருத்தரும் எழுதிட்டு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க. ராசமாணிக்கம், "அண்ணே, ஸ்டியரிங் என் கணக்கு"ங்கிறான். செவந்தியோட கூடப் பொறந்த அண்ணன் வீராச்சாமி, எனக்கு மச்சான், அவரு, "மாப்ள, முன்னாடி ரெண்டு டயரும் நான்"ங்கிறாரு. இன்னொருத்தன், "டிக்கி என்னுதுப்பா, உரமூட்டை ஏத்தணும்"ங்கிறான். பந்தலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேடிக்கைக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். ஆனா எங்க ஊர் ஆளுங்க வெள்ளை மனசு தம்பி. எதையும் வேடிக்கைக்குச் சொல்ல மாட்டாங்க.

மொய்யெல்லாம் சேர்த்து வண்டிக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. செவந்தி அவ வளர்த்த பதினோரு ஆட்டையும் வித்துக் குடுத்தா. சரியாப் போச்சு.

வண்டி எடுக்கப் போன அன்னைக்கு, பெரிய மொய் எழுதின நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மரியாதை பாருங்க. டிரைவர் மைக்கேல், பக்கத்துத் தெரு, அவன் ஓட்ட, நாலு பெரியவங்களும் உட்கார, வண்டி நிறைஞ்சு போச்சு. நான் எம் மொபெட்டுல பின்னாலயே வந்தேன். பின்னால வந்தாத்தான் வண்டியோட அழகு முழுசாத் தெரியும். முப்பது கிலோமீட்டரும் பார்த்துக்கிட்டே வந்தேன். நம்பர்கூட இல்லாத புது வண்டி, மாலை ஆடுது. செவந்தி வாசல்ல ஆரத்தியோட நின்னா. எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் இப்பக்கூடக் காதுல இருக்கு.

அந்த ஞாயித்துக்கிழமை கரூருக்குக் கிளம்புறதுன்னு பேச்சு. செவந்தி முறுக்குச் சுட்டா, மகளுக்கு ஒரு டின்னு. சனிக்கிழமை சாயங்காலம் ராசமாணிக்கம் வந்துட்டான். "அண்ணே, நாளைக்கு மூத்தவளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளை வீட்டைப் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டியாரணும். நம்ம வண்டி இருக்கப்ப வாடகை வண்டி பிடிச்சா உங்களுக்குத்தான அசிங்கம்?" நியாயந்தான? குடுத்தேன். கரூர் அடுத்த வாரம்னு சொன்னேன். செவந்தி முறுக்கை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு எடுத்து வச்சுட்டா.

அடுத்த வாரம் மறுபடி முறுக்கு. வடக்குத் தெருவுல ஒரு பொண்ணுக்கு இடுப்பு வலி. பின் டயர்ல ஒரு பங்கு அவங்க மொய். மைக்கேல் அடிச்சு ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசல்ல ஏறினதும் பொறந்துச்சு ஆம்பளைப் புள்ள. ரெண்டு நிமிஷம் தாமதிச்சிருந்தா எங்க பின் சீட்டுல பொறந்திருக்கும். எவ்வளவு பெருமை! மூணாவது வாரம் காதுகுத்து. நாலு பேரும் ஒரு கிடாயும். கிடா டிக்கியில. நாலாவது வாரம் பத்திர ஆபீஸ். அப்பறம் ஒரு துக்கம். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயில். அப்பறம் உரமூட்டை. டிக்கிக்காரன் சொன்னதைச் செஞ்சுட்டான்.

டீசல் அவங்க போட்டுக்குவாங்க, மைக்கேலுக்கு அவங்க குடுத்துருவாங்க. எனக்கு அஞ்சு பைசா செலவில்ல. வாங்கினதுலேர்ந்து ஒரு நாள் சும்மா நின்னதில்ல தம்பி என் வண்டி. எந்தப் பேங்கு லோன் வண்டி இப்படி ஓடும்?

செவந்திக்கும் வண்டி மேல உசுரு. அது வீட்டுல நிக்கிற நேரமெல்லாம் முன் சீட்டுல போய் உட்கார்ந்துக்குவா. கீரை ஆயுறதும் அதுலதான், வெங்காயம் உரிக்கிறதும் அதுலதான். கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி வழியா வேப்பமரத்தையே பார்த்துக்கிட்டு இருப்பா. "என்னடி, கரூர் வந்திருச்சா?"ன்னு கேலி பண்ணுவேன். "இன்னும் தஞ்சாவூரே தாண்டல"ம்பா. நல்லா வேடிக்கையாப் பேசுவா.

அஞ்சாவது வாரம் முறுக்குச் சுடல. மாவு தீர்ந்திருச்சு போலன்னு நினைச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை விடியக்காலம் இன்னொரு பங்காளி, குடும்பத்தோட சமயபுரம் போகணும்னு வந்து நிக்கிறான். வண்டிக்கிட்டப் போனா, முன் சீட்டுல செவந்தி. பட்டுச் சேலை. தலையில பூவு. பெல்ட்டு மாட்டியிருக்கா.

"எங்க புள்ள கிளம்பிட்ட?"

"சமயபுரத்துக்கு."

"அது அவங்க குடும்பம் போறது."

"மொய் எழுதினவங்களுக்கெல்லாம் இதுல சீட்டு உண்டுன்னா, பதினோரு ஆடு எழுதினவளுக்கு ஒரு சீட்டு கிடையாதா? மைக்கேலு, வண்டிய எடு."

பங்காளி பொண்டாட்டிக்குச் சிரிப்புத் தாங்கல. "அக்கா வரட்டும்ங்க, கூட்டமாப் போனாத்தான் கோயிலு"ன்னா. அவங்க மகன் ஒருத்தனை இறக்கி விட்டாங்க. அவன் எங்கூட உட்கார்ந்து பழைய சோறு தின்னான்.

அன்னையோட ஆரம்பிச்சது. யார் வண்டி கேட்டாலும் முன் சீட்டு அவளுது. வேளாங்கண்ணி போனா. தஞ்சாவூர் பெரிய கோயில் போனா. யாரோ வீட்டு நிச்சயதார்த்தம், யாரோ வீட்டுக் கருமாதி, எல்லாத்துக்கும் போனா. ஒருநாள் உரக்கடைக்குக்கூடப் போயிட்டு வந்தா. வந்து, எந்த ரோட்டுல எங்க டீ நல்லாயிருக்கு, எந்த ஊர்ல பூ மலிவு, எல்லாம் எனக்குச் சொல்றா. நாப்பது வருஷமாக் காயேத்திக்கிட்டு அந்த ரோட்டுல நான் போய் வர்றேன், எனக்குத் தெரியாதது! நான் வீட்டுல இருந்து சோறாக்கிப் பழகிக்கிட்டேன். ரசம் நல்லாவே வைப்பேன். உப்புப் போட்டேனா இல்லையாங்கிறதுதான் சில நேரம் மறந்துரும்.

குளித்தலை வந்திருச்சு பாருங்க. வாழைத்தாரு பாருங்க தம்பி, என்ன செழிப்பு.

எங்க விட்டேன்? ம். வீராச்சாமி மச்சான். அவருக்குத் தீபாவளிக்குக் குடும்பத்துக்கெல்லாம் பனியன் ஜட்டி மொத்தமா வாங்கணும், திருப்பூர்ல மலிவுன்னு யாரோ சொல்லிட்டாங்க. வந்தாரு. "மாப்ள, முன் டயர் ரெண்டும் திருப்பூர் போகணும்ங்குது"ன்னாரு. எடுத்துட்டுப் போங்க மச்சான்னேன். முதல் நாளே செவந்தி முறுக்குச் சுட்டிருந்தா. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியந்தான், மாவு கிடைச்சிருச்சேன்னு. மச்சான், அவரு வீட்டுல உள்ளவங்க, மைக்கேலு, இவ, நாலு பேர் கிளம்பினாங்க.

திருப்பூருக்கு எந்த வழி? கரூர் வழி. எனக்கு அது தோணவே இல்ல தம்பி. சத்தியமா.

மிச்சத்தை மைக்கேல் வந்து சொன்னான். கரூர்ல நுழைஞ்சதும், "மைக்கேலு, மக வீட்டு வாசல்ல ரெண்டு நிமிஷம் நிறுத்து"ன்னாளாம். இறங்கினா. நேரா உள்ள போனா, எப்படியிருக்கன்னுகூட மககிட்டக் கேக்கல, அடுப்படிக்குள்ள போய் நின்னுக்கிட்டா. அடுப்பைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா, பருப்பு டப்பாவையெல்லாம் ஒவ்வொண்ணாத் தொறந்து பார்த்தா. மக பின்னாலயே நின்னு அழுவுது, சிரிக்குது. ஒரு மணி நேரம் ஆச்சு. மச்சான் ஹாரன் அடிச்சாரு. வெளிய வந்தா.

"அண்ணே, திருப்பூருக்கு இங்கேருந்து அடிக்கடி பஸ் இருக்காம். உனக்குத்தான் கால் நல்லாயிருக்கே. வண்டி இங்கயே நிக்கட்டும்."

"என்ன செவந்தி விளையாடுறியா? இருவதாயிரம் மொய் எழுதினவன் நான்!"

"உன் இருவதாயிரம் நீ விருந்து வச்சா அவரு திருப்பி எழுதிருவாரு அண்ணே. என் ஆறு வருஷத்தை யாரு திருப்பி எழுதுவா?"

அண்ணியாக்காரிதான், "வாங்க, பஸ்ஸுலயே போவோம், ஜன்னல் சீட்டு கிடைக்கும்"னு மச்சான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கு. இவ டிக்கெட்டுக்குக் காசும் குடுத்து, ஆளுக்கு நாலு முறுக்கும் மடிச்சுக் குடுத்திருக்கா. மைக்கேலும் மறுநாள் பஸ்ஸுல ஊர் வந்துட்டான்; வண்டிய ஓட்டியார நாளைக்கு மறுபடி கரூர் வர்றேன்னிருக்கான். மச்சான் ரெண்டு மூட்டைப் பனியனைத் தலையில வச்சுக்கிட்டு வந்து எங்க வாசல்ல எறக்கினாரு பாருங்க, அவர் மூஞ்சியப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு பனியன் எனக்கும் குடுத்தாரு. இப்பப் போட்டிருக்கிறது அதான்.

சாயங்காலமானா போன் பண்றா. "அடுப்பு மேடை கொஞ்சம் உசரம். ஜன்னல் பக்கத்துல இருக்கு, நேரா இல்ல. மத்தபடி நல்லா வச்சிருக்கா." முந்தாநாள் கேட்டேன், எப்ப வர்றன்னு. "வண்டி வேணும்னா வந்து கேளுங்க"ன்னா. வச்சுட்டா. நான் வண்டிக்குன்னா கேட்டேன்? இல்ல, வண்டிக்குத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்ல. வீடு வேற ஓன்னு கிடக்கு. மச்சானும் மைக்கேலும் வந்து போனதோட சரி, அப்பறம் ஒருத்தர் வாசல்ல வந்து நிக்கல தம்பி, வண்டி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு. ரசத்தை வச்சு, நானே ஊத்தி, நானே நல்லாயிருக்குன்னு சொல்லிக்கணும்.

இருங்க, போன் அடிக்குது. ராசமாணிக்கந்தான். நூறாயுசு.

அலோ! சொல்லு ராசு… பஸ்ஸுலதான்… மாயனூர் தாண்டிட்டேன்… வண்டியா? வண்டி… ராசு, இதக் கேளு. வண்டியில ஒரு சத்தம் வருதாம்… ஆமா, எஞ்சின்ல. கரூர்லதான் பார்க்கணுமாம்… எத்தனை நாளா? அது ஆகும்ப்பா, ஒரு பத்து நாள். புது வண்டின்னா மெதுவாத்தான் பார்ப்பாங்க… நீ ஏன் பதறுற? பொண்ணழைப்புக்கு நான் வண்டி பிடிச்சுத் தர்றேன், ரோசாப்பூ ஜோடனையோட, காசு எம் பொறுப்பு… ஸ்டியரிங் உன்னுதுதான்ப்பா, யார் இல்லன்னா? அது பத்திரமா இருக்கு… நான் முகூர்த்தத்துக்கு வந்துருவேன். பஸ்ஸுல வந்துருவேன். மொய் எழுதிருவேன். வச்சிரு.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீங்க? வண்டியக் கூட்டியாரப் போறேன்னு இப்பத்தான் சொன்னேனா? சொன்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க, எடுத்ததுலேர்ந்து கரூர் போற வரைக்கும் ஒரு நாள் நிக்காத வண்டி. மாட்டை அவுத்துக் கட்டுறதில்லையா? வண்டிக்கு ஓய்வு வேணும்ல? வண்டிக்காகத்தான் சொல்றேன். வேற ஒண்ணுமில்ல.

கரூர் வந்துருச்சா? என்ன கூட்டம்! சாக்கைக் கொஞ்சம் தள்ளுங்க தம்பி. திருச்சியில ஏறுறப்பவே மககிட்டப் போன்ல சொல்லிட்டேன், ஆட்டோ பிடிச்சுக்கிறேன்னு, அட்ரஸ் சட்டைப்பையில… ஏ, அங்க பாருங்க! அந்தப் பூக்கடை ஓரமா. யானைக் கலர். நம்ம வண்டி! முன் சீட்டுல யாரு பாருங்க, மகாராணி மாதிரி. அதுதான் செவந்தி. டிரைவர் சீட்டுல யாரு… அட, எம் மக! எப்பக் கத்துக்கிட்டா? பேரன் பின்னால குதிக்கிறான். செவந்தி பார்த்துட்டா, பார்த்துட்டா, கையைக் காட்டுறா. பின்னால ஏறுங்கங்கிறா.

தம்பி, ஒரு நிமிஷம். ஒண்ணு கேக்கணும். அந்தக் கதவுல வெளிய ஒரு பிடி இருக்குல்ல, அதை மேல தூக்கணுமா, நம்ம பக்கம் இழுக்கணுமா? இல்ல தம்பி, எங்க வண்டிதான். நான் இன்னும் ஏறினதில்ல. எங்க நேரம் கிடைச்சுது?

மெதுவாச் சொல்லுங்க. அவ இங்கயேதான் பார்த்துக்கிட்டு இருக்கா.